பழைய பேரேட்டை யாரும் உடனே கிழிப்பதில்லை

"பி.காம். மூணாவது வருஷம் படிக்கிற புள்ளைக்கு பூட்லோடர்ல என்ன வேலை?" இப்படிக் கேட்கப் போகிற வகுப்புத் தோழிகளுக்கு முதலிலேயே ஒரு வணக்கம். போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதினேன். யாரும் முழுசாகப் படித்த மாதிரித் தெரியவில்லை :) அதனால் இந்த முறை வேறு ரூட். ஆனால் பயப்படாதீங்க. சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம்ம கணக்குப் பதிவியல் புத்தகத்துக்கே தான் வந்து நிற்கப் போகிறோம்.

விஷயம் இதுதான். ரவுட்டர், செல்போன், டி.வி., சிசிடிவி டப்பா, எங்கள் ஆயக்குடி கொய்யாத் தோப்புகளில் சிலர் சொட்டு நீருக்கு வைத்திருக்கும் டைமர் பெட்டி என்று எல்லாவற்றுக்குள்ளும் ஒரு மென்பொருள் குடியிருக்கிறது. அதற்குப் பெயர் ஃபர்ம்வேர். "அப்டேட் வந்திருக்கு, போடுங்க" என்று அது அவ்வப்போது கேட்கும். சிலது கேட்காமலே போட்டுக்கொள்ளும். சரி, அப்டேட் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? நம்ம ஊரில் இது ஒன்றும் கற்பனைக் கேள்வி இல்லை, தெரியும் தானே.

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பது பூட்லோடர் என்கிற சின்ன நிரல். அந்தப் பதில் யார் கையில் இருக்கணும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பூட்லோடரை நம்மில் பல பேர் பெயர் தெரியாமலே பார்த்திருக்கிறோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் இருக்கும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். எங்கள் அக்காவுக்கு ஒன்று கிடைத்தது. பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். விண்டோஸா, பாஸா? அக்கா யோசிக்காமல் விண்டோஸைத் தட்டுவாள். அந்தப் பட்டியலைக் காட்டியது கிரப் என்கிற திறமூல பூட்லோடர். 1995-ல் எரிக் போலின் என்பவர் எழுத ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அது யார் என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பூட்லோடரின் வேலையை மண்டி பாஷையில் சொன்னால் சுலபம். விடியற்காலையில் ஒருத்தர் வந்து மண்டியின் ஷட்டரைத் தூக்குவார், லைட்டைப் போடுவார், தராசு சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் முதலாளி வந்து கல்லாவில் உட்கார்ந்ததும் அவர் ஒதுங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு நாள் முழுக்க முதலாளி ராஜ்ஜியம்தான். ஆனால் அந்த முதல் ஆள் வரவில்லை என்றால் மண்டியே திறக்காது. கருவிக்குள் ஃபர்ம்வேர் முதலாளி என்றால், ஷட்டர் தூக்குகிறவர் பூட்லோடர்.

ரவுட்டர் மாதிரி சின்னக் கருவிகளில் ஷட்டர் தூக்குவது பெரும்பாலும் யூ-பூட். இதன் கதை சுவாரசியமானது. மேக்னஸ் டாம் என்பவர் எழுதிய 8எக்ஸ்எக்ஸ்-ரோம் என்ற நிரலை, ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்காங் டெங்க் 1999-ல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டுபோனார். எண்ணில் தொடங்கும் பெயரை அந்தத் தளம் ஏற்றுக்கொள்ளாது. அதனால் பிபிசி-பூட் என்று பெயர் மாற்றினார். அப்புறம் பல வகை சிப்புகளிலும் ஓட ஆரம்பித்ததால் 2002 நவம்பரில் மறுபடியும் பெயர் மாறி யூ-பூட் ஆனது. ஜெர்மன் மொழியில் யூ-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். வெளியே தெரியாமல் அடியில் ஓடுகிற சாமானுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது! 2012-லிருந்து இதன் தலைமைப் பராமரிப்பாளர் டாம் ரினி. டெங்க் 2022-ல் காலமானார். அவர் ஆரம்பித்தது இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் தினமும் ஷட்டர் தூக்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது அப்டேட் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

ரவுட்டருக்குள் நகம் அளவுக்கு ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கும். மலிவான மாடல்களில் 8 எம்.பி. அல்லது 16 எம்.பி.தான். அதை ஒரு நோட்டுப் புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சில பக்கங்களில் யூ-பூட். அடுத்த பக்கத்தில் அதன் அமைப்புக் குறிப்புகள். அப்புறம் பெரும்பகுதி பக்கங்களில் ஃபர்ம்வேர். கடைசிப் பக்கங்களில் அந்த ரவுட்டரின் ரேடியோவுக்கான அளவுகள். இந்த நோட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. எழுதிய எழுத்தின் மேலேயே மாற்றி எழுத முடியாது. பல மாடல்களில் 64 கே.பி. அளவுள்ள ஒரு பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத முடியும். ஆக, அழித்த பிறகும் எழுதுவதற்கு முன்பும் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பழசும் இல்லை, புதுசும் இல்லை. கரண்ட் போவது அந்த நேரத்தில் என்றால் முடிந்தது கதை.

போன வருஷம் எங்கள் மாமா கடையில் இதுதான் நடந்தது. மாமாவுடையது ஜெராக்ஸ் கடை. கூடவே ஆன்லைன் விண்ணப்பம், பட்டா சிட்டா, கரண்ட் பில் எல்லாம் உண்டு. ஆயக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று கொய்யா. இன்னொன்று போட்டித் தேர்வு இலவசப் பயிற்சி. எங்கிருந்தெல்லாமோ அரசு வேலைக் கனவோடு இங்கே வருகிறார்கள். குரூப் 4 விண்ணப்பம் என்றால் கடைசி இரண்டு நாள் மாமா கடையில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலையில் கடையைத் திறந்தால் நெட் இல்லை. ரவுட்டரில் ஒரே ஒரு லைட் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. "இன்றிரவு தானாகப் புதுப்பிக்கப்படும்" என்று முந்தின நாள் அதன் ஆப்பில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது எங்கள் தெருவுக்கே தெரியும்.

சர்வீஸ்காரரிடம் கொண்டுபோனோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போர்டு போயிருச்சுங்க. புதுசு வாங்கிக்குங்க" என்றார். கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தால், வாரண்டி முடிந்துவிட்டது என்று பணிவாகச் சொன்னார்கள்.

கடையில் 40 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். மாமா தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். போட்டோ ஏற்றினால் சுற்றிக்கொண்டே இருந்தது. வேடசந்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அண்ணனுக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வாய்ப்பாம். நாலு தடவை பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மதியம் சித்தி பையன் வந்தான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். ரவுட்டரைக் கழற்றி, போர்டில் இருந்த நாலு சின்னப் புள்ளிகளில் மூன்றில் கம்பி வைத்து, ஒரு யு.எஸ்.பி. சாமான் வழியாக லேப்டாப்பில் இணைத்தான். பவர் கொடுத்ததும் திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

"அக்கா, செத்துருச்சுன்னு யாரு சொன்னா? பேசுது பாரு."

முதல் வரியில் யூ-பூட்டின் பெயர். கடைசி வரியில் "பேட் டேட்டா சி.ஆர்.சி." என்று ஒரு பிழைச் செய்தி. அர்த்தம் இதுதான்: ஷட்டர் தூக்குகிறவர் நல்லாத்தான் இருக்கிறார். முதலாளியின் கணக்குத்தான் டேலி ஆகவில்லை, அதனால் உள்ளே விட மாட்டேன் என்கிறார். அப்டேட் ஃபர்ம்வேர் பக்கங்களை மட்டும் தொட்டதால், முன்பக்கத்தில் இருந்த யூ-பூட் தப்பித்துவிட்டது.

அடுத்து அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்த மாடலுக்கு ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வேர் கிடைத்தது. அதை நேராக ஃபிளாஷில் எழுதவில்லை. யூ-பூட்டை நடுவில் நிறுத்தி, லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக ரவுட்டரின் ராமுக்கு மட்டும் ஏற்றினான். ராமில் இருப்பது பவரை நிறுத்தினால் காணாமல் போய்விடும். அதனால் தப்பாகப் போனாலும் நஷ்டம் இல்லை. அது ஒழுங்காக ஓடுகிறது, நெட் வருகிறது என்று பார்த்தான். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினான். அப்புறம்தான் ஃபிளாஷில் எழுதச் சொன்னான். நாலரை மணிக்குக் கடையில் நெட் வந்தது. அந்த அண்ணனின் விண்ணப்பம் அஞ்சு மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

கடை விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி நின்றுவிட்டது. சித்தி பையன் கையால் செய்ததை ரவுட்டரே தானாகச் செய்திருக்க முடியாதா? தேடிப் படித்தேன். தாராளமாக முடியும். அதற்கான ஏற்பாடு யூ-பூட்டிலேயே பல வருஷமாக இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு நம்ம கணக்குப் பதிவியல் புத்தகம்தான் கண் முன்னால் வந்தது.

யூ-பூட் தன் அமைப்புக் குறிப்புகளை இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்ள முடியும். மாற்றம் வந்தால், இப்போது பயன்பாட்டில் இல்லாத பிரதியில் எழுதும். முழுசாக எழுதி முடித்த பிறகுதான் "இனி இதுதான் நடப்பு" என்ற அடையாளம் மாறும். பாதியில் கரண்ட் போனால் பாதி எழுதிய பிரதியின் கூட்டுத்தொகை தப்பாக வரும். உடனே பழைய பிரதியை எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் மண்டிகளில் புதுக்கணக்கு போடுவதும் இப்படித்தான். புது நோட்டில் மஞ்சள் தடவி முதல் வரி எழுதிய உடனே பழைய நோட்டைக் கிழித்து எறிய மாட்டார்கள். இறுதி இருப்பு புது நோட்டின் தொடக்க இருப்பாக ஏறி, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பழசு பரணுக்குப் போகும்.

ஃபர்ம்வேருக்கும் இதே யுக்தி. ஏ, பி என்று இரண்டு இடம் ஒதுக்குவார்கள். ஏ ஓடிக்கொண்டிருக்கும்போது புதுசை பி-யில் எழுதுவார்கள். அடுத்த முறை பி-யில் தொடங்கிப் பார்ப்பார்கள். சரிப்படாவிட்டால் ஏ-க்குத் திரும்புவார்கள். குரோம்புக்குகள் 2011-ல் வந்தபோதே இந்த முறையோடு வந்தன. ஆண்ட்ராய்டு 2016-ல் 7-ஆம் பதிப்பில் கொண்டுவந்தது.

"சரிப்படவில்லை" என்று பூட்லோடருக்கு எப்படித் தெரியும்? யூ-பூட் எண்ணிக்கொண்டே வரும். ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் ஒரு எண்ணைக் கூட்டும். ஃபர்ம்வேர் நல்லபடியாக எழுந்து நின்றால், அது அந்த எண்ணைப் பூஜ்யமாக்கணும். பூஜ்யமாக்காமலே எண் வரம்பைத் தாண்டிவிட்டால், "இவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்" என்று முடிவுசெய்து மாற்று வழியில் போகும். அந்த மாற்று வழியில் பழைய ஃபர்ம்வேரை வைத்திருந்தால் கருவி பிழைத்தது.

2022-ல் இதற்கு இன்னும் ஒழுங்கான ஒரு வடிவம் யூ-பூட்டில் சேர்ந்தது. ஆர்ம் நிறுவனம் வகுத்த விதிமுறையின்படி அதை எழுதியவர் லினாரோ நிறுவனத்தின் சுகோஷ் கனு. இதில் இரண்டு வங்கிகள் இருக்கும். (நிஜமாகவே 'பேங்க்' என்றுதான் பெயர். காமர்ஸ் மாணவிக்கு வேறென்ன வேணும்?) எது நடப்பு வங்கி, அதற்கு முன்பு எது நடப்பு வங்கி என்ற விவரமும் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டிருக்கும். புது ஃபர்ம்வேர் ஏறியதும் கருவி 'சோதனை நிலை'க்குப் போகும். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற குறி விழும் வரை புதுசு நிரந்தரம் ஆகாது. அனுமதித்த தடவைகளுக்குள் அந்தக் குறி விழாவிட்டால் முந்தைய வங்கிக்கே திரும்பிவிடும்.

இது நம்ம அனாமத்துக் கணக்கு இல்லாமல் வேறென்ன? எங்கே சேர்ப்பது என்று உறுதியாகாத தொகையை அனாமத்தில் நிறுத்தி வைக்கிறோம். விவரம் தெரிந்த பிறகு உரிய கணக்குக்கு மாற்றுகிறோம். புது ஃபர்ம்வேரும் கொஞ்ச காலம் அனாமத்தில்தான் இருக்கணும். இதைப் படித்தபோது பதினொன்றாம் வகுப்பு டீச்சர் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது.

ஒப்புமை இதோடு நிற்கவில்லை. இருப்பாய்வு டேலி ஆகிவிட்டால் கணக்கு முழுக்க சரி என்று அர்த்தமா? இல்லை. ஈடுசெய் பிழை இருந்தாலும் டேலி ஆகும், ஒரு பதிவை முழுசாக விட்டிருந்தாலும் டேலி ஆகும். யூ-பூட் போடும் சி.ஆர்.சி. கூட்டுத்தொகையும் அந்த வகைதான். எழுதும்போது சிதைந்ததா என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதை எழுதி அனுப்பியது யார் என்று சொல்லாது. ஒரு திருடன் ஒழுங்காகக் கூட்டிப் போட்ட கணக்கும் டேலி ஆகத்தான் செய்யும். அதற்குத் தணிக்கையாளர் கையெழுத்து மாதிரி டிஜிட்டல் கையொப்பம் வேணும். 2013-லிருந்து யூ-பூட்டில் அந்த வசதியும் இருக்கிறது.

"அப்படின்னா அப்டேட்டே போடாம விட்டா நிம்மதி தானே?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதுவும் ஆபத்து. 2019-ல் யூ-பூட்டின் நெட்வொர்க் பகுதியில் 13 பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். 2025-ல் மைக்ரோசாஃப்ட் ஆட்கள் செயற்கை நுண்ணறிவு உதவியோடு தேடி, கிரப்பில் 11, யூ-பூட்டிலும் பேர்பாக்ஸ் என்ற இன்னொரு பூட்லோடரிலும் சேர்த்து 9 என்று 20 ஓட்டைகளை வெளியிட்டார்கள். திறமூலம் என்பதால் ஓட்டை இருக்காது என்று இல்லை. தேடுகிறவர்கள் அதிகம், திருத்தியதை எல்லாரும் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆக அப்டேட் வேணும். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது, திரும்பி வரும் வழியில்லாத அப்டேட்டைத்தான்.

திரும்பி வரும் வழி இருக்கும்போது கம்பெனிகள் ஏன் வைப்பதில்லை? இதற்குப் பதில் சொல்ல எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை, நம்ம அடக்கவிலைக் கணக்கியல் போதும். இரண்டு இடம் ஒதுக்கணும் என்றால் இரண்டு மடங்கு பெரிய ஃபிளாஷ் சிப் வேணும். ஒரு ரவுட்டருக்கு 10 ரூபாய் கூடுதல் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ரவுட்டர் செய்கிறவருக்கு அது 10 லட்ச ரூபாய். அவர் ஏட்டில் அது சேமிப்பு. மாமா கடையில் ஒரு நாள் வியாபாரம் போனது, அந்த அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது, இதெல்லாம் அவர் ஏட்டில் எங்கேயும் ஏறாது. பொருளாதாரத்தில் புற விளைவு என்று படித்தோமே, அதன் உதாரணம் தொழிற்சாலைப் புகை மட்டும் இல்லை.

சட்டம் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் வரும் பாதிப்புக்குத் தயாரிப்பாளரின் பொறுப்பு பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அது முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் செல்போன்களும் இருந்தன. அந்த வருட டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் வந்தது. ஆனால் வாங்கும்போது நல்லா இருந்த பொருளை, விற்றவரே அனுப்பிய அப்டேட் கெடுத்தால் அதைக் 'குறை' என்று சொல்லலாமா? தேர்வுத் தாளில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டால் நான் ரெடி :)

கடைசியாக ஒரு சிக்கல். யூ-பூட் திறமூலம் என்பதால் மட்டும் நம் கருவி நம் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையொப்பம் சரிபார்க்கும் வசதியைக் கம்பெனி போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், சித்தி பையன் செய்த வேலை நடக்காது. யூ-பூட் "கையெழுத்து சரியில்லை" என்று கதவைச் சாத்திவிடும். திருடனைத் தடுக்கும் அதே பூட்டு சொந்தக்காரரையும் தடுக்கும். பழைய பதிப்புக்குத் திரும்புவதிலும் இதே இழுபறிதான். ஓட்டை உள்ள பழசுக்கு யாரும் திரும்பக் கூடாது என்று பாதுகாப்புக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதுசு வேலை செய்யாதபோது பழசு வேணும் என்று கடைக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த இழுபறி 2024 ஆகஸ்டில் வெளிப்படையாக வெடித்தது. பாதுகாப்புக் குறை உள்ள பழைய பூட்லோடர்களைத் தடுப்பதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு விண்டோஸ் அப்டேட் அனுப்பியது. நம்ம விலையில்லா மடிக்கணினி மாதிரி விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளுக்கு அது பொருந்தாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட பல கணினிகளிலும் அது போய் உட்கார்ந்து, லினக்ஸ் பக்கம் திறக்காமல் போனது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். ஒருத்தர் பாதுகாப்புக்காக வாசல் பூட்டை மாற்றினார், மற்றவருக்குச் சாவி கொடுக்கவில்லை. நோக்கம் நல்லதுதான், ஆனால் வெளியே நிற்கிறவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

யூ-பூட் எண்ணத்தான் செய்யும். "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற குறியை எப்போது போடுவது என்று முடிவெடுப்பது மனுசங்கதான். திரையில் லோகோ வந்தால் வெற்றியா, நெட் வந்தால் வெற்றியா, 40 பேரின் விண்ணப்பம் போனால் வெற்றியா? கம்பெனிக்கு முதலாவது போதும். மாமாவுக்கு மூன்றாவதுதான் கணக்கு. அந்தக் குறியைப் போடும் உரிமையில் வாங்கினவருக்கும் ஒரு பங்கு வேணும் என்பதுதான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்து நான் சொல்ல வந்தது.

நாம் என்ன செய்யலாம்? அடுத்த முறை ரவுட்டரோ கேமராவோ வாங்கும்போது மூணு கேள்வி கேளுங்க. அப்டேட் பாதியில் நின்றால் தானாகப் பழசுக்குத் திரும்புமா? அப்டேட் நேரத்தை நான் முடிவு செய்யலாமா? கம்பெனி கைவிட்ட பிறகு வேறு ஃபர்ம்வேர் போட வழி இருக்கா? கடைக்காரர் முழிப்பார், பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் டீலரைக் கேட்பார். அதுவரைக்கும், அப்டேட் போடும்போது கருவியை யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் லைனில் வையுங்க. தானாகப் புதுப்பிக்கும் நேரத்தை உங்களுக்குத் தோதாக மாற்ற முடிந்தால் மாற்றுங்க. "போர்டு போயிருச்சு" என்று யாராவது சொன்னால், அது பேசுகிறதா என்று ஒரு தடவை பார்க்காமல் குப்பையில் போடாதீங்க.

உங்கள் வீட்டு ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மாடல் எண் இருக்கும். ஓப்பன்-டபிள்யூஆர்டி பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துச் சொல்லுங்க. எங்கள் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

பி.கு: "நாலு கம்பி எங்கே வைக்கணும்?" என்று யாரும் எனக்குப் போன் போடாதீங்க. சித்தி பையனுக்கு செமஸ்டர் நடக்குது.